மைதானக் கணக்கில் கட்டிய வீடுகள்

போன வாரம் சரோஜா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தவள். இப்போது அவளுக்கே ஓய்வு பெறும் வயது வரப்போகிறது.

"அக்கா, வெள்ளத்துக்கு அப்புறம் கைல இருக்கிற பணத்தை ஸ்டேடியத்துக்குப் போடறதா, வீட்டுக்குப் போடறதான்னு இங்க ஒரே சண்டை. உங்க காலத்துலயும் இதே சண்டை வந்துச்சாமே. யாரு ஜெயிச்சாங்க?"

யார் ஜெயித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. நடந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொலைபேசியில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் என்னைப் படம் வரையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வருடம் கோடு போட்டேன். அடுத்த வருடம் அதே கோட்டை நேராகப் போட்டேன். அறுபதுகளின் நடுவில், ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையில் இருந்த ஒரு சின்ன ஊர்க் கமிட்டியின் பொறியியல் பிரிவில் ட்ரேசர் வேலை கிடைத்தது.

ட்ரேசர் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பொறியாளர் பென்சிலால் போட்ட படத்தின் மேல் கஞ்சி போட்ட மெல்லிய துணியை விரித்து, அதன் மேல் சாக்பீஸ் தூளைத் தடவித் துடைத்துவிட்டு, மையால் அப்படியே படியெடுக்க வேண்டும். அந்தத் துணிக்குத் தண்ணீர் ஆகாது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் கஞ்சி கரைந்து அந்த இடம் வெள்ளையாகப் பூத்துவிடும். சித்திரை வைகாசியில் மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் வேலை செய்வேன். பிறகு துணியைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்து, அடியில் மருந்து பூசிய காகிதத்தைக் கொடுத்து, மொட்டை மாடியில் வெயில் காட்டினால் 'ப்ளூ பிரின்ட்' என்கிற நீல நிறப் படி விழும். வெயில் இல்லாவிட்டால் படமும் இல்லை. மழைக்காலத்தில் எங்கள் ஊரில் எந்தக் கட்டடமும் தொடங்காததற்குப் பல பேர் பல காரணம் சொல்வார்கள். பாதிக் காரணம் இதுதான்.

எங்கள் பொறியாளர் சேதுராமன். நல்ல உயரம். பேன்ட்டின் ஒரு பக்கம் எப்போதும் சரிந்தே இருக்கும், அந்தப் பையில் விசில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலை அணிகளின் கால்பந்தாட்டங்களுக்கு அவர்தான் நடுவர். அலுவலகத்தில் விசில் ஊதியதில்லை, ஆனால் கோபம் வந்தால் கை பைக்குள் போகும். நாங்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துத்தான் பேசுவோம். எங்களுக்கெல்லாம் அவர் ஆட்டக்காரர் பெயர் வைத்திருந்தார். இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்ததால் நான் 'லெஃப்ட் அவுட்'. தலைமை எழுத்தர் நமச்சிவாயம் 'கோல்கீப்பர்'. எந்த ஃபைலையும் தன்னைத் தாண்டிப் போகவிட மாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

சேதுராமன் சார் படத்தைச் சரிபார்க்கும் விதம் தனி. மேஜையில் தலைகீழாகத்தான் விரிப்பார். நேராகப் பார்த்தால் மனசு தப்பைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும், தலைகீழாகப் பார்த்தால்தான் தப்பு எழுந்து நிற்கும் என்பார். கண்டுபிடித்தால் சிவப்புப் பென்சிலால் 'ஆஃப்சைடு' என்று எழுதுவார். அதுதான் திட்டு. தப்பே இல்லாவிட்டால் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி முகம் வாடிவிடும்.

அப்படியிருக்க, ஒரு கார்த்திகை மாதம் ஊர் ஏரி உடைந்தது. கரையோரக் குடிசைகள் அத்தனையும் போயின. பகலில் உடைந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அங்கே இருந்தவர்கள் அந்த ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்துகொண்டிருந்த குடும்பங்கள். வயலெல்லாம் தொழிற்பேட்டையும் மனையுமாக மாறிய பிறகு செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். முதலில் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தோம். தலைமையாசிரியர் தினமும் வந்து பரீட்சை வருகிறது என்று நினைவுபடுத்தினார். கடைசியில் ரயில் பாதையை ஒட்டியிருந்த மேட்டு நிலத்தில் தார்ப்பாய் கட்டிக் கொடுத்தோம். ஊரில் தண்ணீர் ஏறாத இடம் அது ஒன்றுதான்.

அந்த மேட்டு நிலம்தான் ஸ்டேடியத்துக்கு என்று ஒதுக்கியிருந்த மைதானம். அதற்கான அரசு மானியம் வெள்ளத்துக்கு முன்பே வந்து கமிட்டியின் கணக்கில் இருந்தது. ஜனங்கள் உட்காரப் படிகளாக எழும் காலரி, ஆட்டக்காரர் அறைகள், சுற்றுச்சுவர், வாசல் எல்லாம் அதில் அடக்கம். மார்ச் மாதக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். சேதுராமன் சார் அந்தக் காலரியை இரண்டு வருடமாக வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார். மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

கமிட்டிக் கூட்டத்தில் படத்தைச் சுவரில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. எனவே முழுச் சண்டையையும் நின்றபடியே கேட்டேன். சைக்கிள் கடை வைத்திருந்த ஓர் உறுப்பினர், குந்த இடம் இல்லாதவனுக்குப் பந்தாட்டம் எதற்கு, அந்தப் பணத்தில் வீடு கட்டுங்கள் என்றார். தலைவர் மரக்கடைக்காரர். ஸ்டேடியத்தில் தன் தகப்பனார் பெயரில் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. மைதானத்துக்கு வந்த பணத்தில் வீடு கட்டுவது, பிள்ளையார் கோயில் உண்டியலை உடைத்து மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பது போல என்றார். சைக்கிள் கடைக்காரர் விடவில்லை. பிள்ளையாருக்கு ஆத்தாதானே, கோபித்துக்கொள்ள மாட்டார் என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்பது என்று முடிவானது. மைதானப் பணம் மைதானத்துக்கே, வீட்டுத் திட்டம் உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

"உரிய காலத்துலன்னா, ஆட்டம் முடிஞ்சப்புறம் ரெஃபரி வருவார்னு அர்த்தம்" என்றார் சேதுராமன் சார்.

அன்று மாலையே காலரிப் படத்தை மறுபடி எடுத்தார். காலரியின் படிகளுக்கு அடியில் காலி இடம் இருக்குமில்லையா? அதைத் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்து 'ஆட்டக்காரர் உடை மாற்றும் அறை' என்று எழுதினார். ஓர் அறை இல்லை, வரிசையாக அத்தனை குடும்பத்துக்கும் ஒவ்வொன்று. மைதானமும் ஆச்சு, வீடும் ஆச்சு, விதியும் மீறவில்லை. சந்தோஷத்தில் மீசை துடித்தது. நான் மைபோட்டேன். அடுப்பு வைக்கும் திட்டுக்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'முதலுதவி மேடை' என்று போடச் சொன்னார். புகை போகும் துவாரம் 'காற்றோட்ட வழி' ஆனது.

நமச்சிவாயம் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இவ்வளவு முதலுதவி தேவைப்படுதுன்னா, அது ஆட்டமா யுத்தமா?" என்றார். கோப்பு அவர் மேஜையிலேயே தங்கியது.

அது தங்கியிருக்கும்போதே சேதுராமன் சார் மைதானத்துக்குப் போய்க் கோடு போட்டுக் காட்ட விரும்பினார். படத்தில் இருப்பதைத் தரையில் முழு அளவில் காட்டுவது என்பது ஒரு சடங்கு. மூலைக்கு மூலை முளை அடிக்க வேண்டும். நூல் கட்ட வேண்டும். மூலை சரியான மூலைதானா என்று குறுக்கே அளவு நாடா பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு நூலோரமாகச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே போக வேண்டும். அன்று சார் ஒரு படி மேலே போனார். கூரை எப்படிச் சரியும் என்று ஜனங்களுக்குப் புரியட்டும் என்று, முன்னால் இரண்டு உயரமான மூங்கிலும் பின்னால் இரண்டு குட்டை மூங்கிலும் நட்டுக் கயிறு கட்டினார். தார்ப்பாய்க்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். முன்னால் வந்து நின்றவள் தனம். கட்டடங்களில் சித்தாள் வேலை, கலவையும் செங்கல்லும் சுமப்பவள். அந்தக் கூட்டத்துக்கு யாரும் தேர்ந்தெடுக்காத தலைவி.

அவள் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல், வாசல் என்று விட்டிருந்த இடம் வழியாகவே உள்ளே போனாள். நாலு எட்டு நிமிர்ந்து நடந்தாள். அப்புறம் கயிறு தலையில் இடிக்கக் குனிந்தாள். கடைசியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்.

"இன்னா சார் இது, முன்னால மன்ச மாதிரி நொயஞ்சி, பின்னால ஆடு மாதிரி போவணுமா?"

"பின்பக்கம் தூங்கறதுக்கும்மா. தூங்கும்போது நிக்கவா போறே?"

"ஆட்டம் நடக்கசொல்ல மேல யாரு குந்துவாங்க?"

ஜனங்கள் என்றார் சார். எம்மாம் ஜனம் என்று கேட்டாள். ஆயிரம் பேர் தாராளமாக உட்காரலாம் என்று பெருமையாகச் சொன்னார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அம்மாம் பேரு காலுக்குக் கீய என் நாத்தனாரு பச்சக் கொயந்தைய தூங்க வெக்கணுமா? வாணாம் சார். நாங்க தார்ப்பாயிலயே இருந்துக்கறோம்."

சாரின் கை பைக்குள் போனது. வெறுங்கையாகத் திரும்பியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூங்கில்களைப் பிடுங்கி எடுத்து வந்தது நாங்கள்தான். அதற்கப்புறம் அலுவலகத்தில் யாரையும் ஆட்டக்காரர் பெயரால் கூப்பிடவில்லை. எங்களுக்கே என்னவோ போல இருந்தது.

இடையில் மறுபடி மழை பிடித்தது. தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கியது. தனத்தின் நாத்தனார் குழந்தைக்கு மார்புச் சளி. தை பிறந்துவிட்டால் மார்ச் எட்டிப் பார்க்கும். பணம் போனால் காலரியும் இல்லை, அறையும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மைதானத்துக்குப் போனேன். தனம் நனைந்த கோணிகளைக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் சிமென்ட் கூரை இருப்பது எவ்வளவு பெரிய விஷயம், கொஞ்சம் குனிந்தால் என்ன குறைந்துவிடும், குழந்தையை நினைத்துப் பார் என்று நான் என் இருபத்து சொச்சம் வயது ஞானத்தையெல்லாம் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ எங்க கீறம்மா?"

ஆவடி குவார்ட்டர்ஸ் என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வரிசை என்றேன்.

"அந்த வரிசைக்கு நான்தான் கல்லு சொமந்தேன். அப்ப எனுக்குக் கண்ணாலம்கூட ஆவல. அந்த ஊட்டுல எந்த எடத்துலயாவது நீ குனிஞ்சி நடந்துகீறியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரிதான் கேட்டாள். எங்கள் வீட்டில் சமையலறை, பின்கட்டு எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இல்லை என்றேன். அவள் கோணியை உதறிப் போட்டுவிட்டு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டாள்.

நடந்ததைச் சேதுராமன் சாரிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பென்சில் படத்தை எடுத்துவரச் சொன்னார். வழக்கம்போலத் தலைகீழாக விரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"வசந்தா, ஆட்டத்துக்கு எது எது இல்லாம முடியாது? தரை வேணும். பந்து வேணும். ஆடறவன் வேணும்." காலரிப் படிகளின் மேல் விரலை வைத்தார். "காலரி இல்லாம முடியும்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ரப்பரை எடுத்து, இரண்டு வருடமாக அவர் வளர்த்த படிகளை ஒவ்வொன்றாக அவரே அழித்தார். நான் அழிக்கிறேன் சார் என்றதற்கு வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

மிச்சம் இருந்தது சுற்றுச்சுவர். மைதானத்துக்குச் சுற்றுச்சுவர் இல்லாமல் முடியாது, அது மானியத்திலேயே இருக்கிறது. அந்தச் சுவரை முதுகாக வைத்து, உள்பக்கமாக வரிசையாக அறைகளைப் போட்டார். தட்டையான மேல்தளம். எந்த மூலையிலும் நிமிர்ந்து நிற்கலாம். எல்லா அறைகளுக்கும் வாசல் மைதானத்தைப் பார்த்து. 'ஆட்டக்காரர் அறைகளுடன் கூடிய சுற்றுச்சுவர்' என்று தலைப்புப் போடச் சொன்னார். முதலுதவி மேடையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். பாவம், அது இருக்கட்டும் என்றார்.

நமச்சிவாயம் சாரின் மேஜை முன்னால் அன்று நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அவர் படத்தை நேராகப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், சாரைப் பார்த்தார். காலரி எங்கே என்று கேட்டார். இல்லை என்றார் சார். கோல்கீப்பருக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. இவ்வளவு கனமான சுற்றுச்சுவர் எதற்கு என்று கேள்வி வருமே என்றார். நாங்கள் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது அவரே, "வெள்ளம் வந்த ஊரு. சுவரு கனமாத்தான் இருக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தன் சர்வீஸில் விட்ட ஒரே கோல் அதுதான் என்று பின்னாளில் சொல்லிக்கொள்வார். வேண்டுமென்றே விட்டது என்றும் சேர்த்துக்கொள்வார்.

தலைவரைச் சமாளிப்பது சுலபமாக முடிந்தது. வாசலில் ஒரு பெரிய வளைவு, அதில் அவர் தகப்பனார் பெயர், பூந்தமல்லி ரோட்டிலிருந்து வருகிற எவரும் அதைப் பார்க்காமல் ஊருக்குள் நுழைய முடியாது என்று சார் ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டினார். அதற்கப்புறம் அறைகளைப் பற்றித் தலைவர் கேட்கவே இல்லை.

கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்தது தனமும் அவள் கூட்டமும்தான். தங்கள் வீட்டைத் தாங்களே கட்டியதால் கலவையில் ஒருவரும் கை வைக்கவில்லை. மேஸ்திரி சிமென்டைக் குறைக்கப் பார்த்து தனத்திடம் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. மார்ச் முடிவதற்குள் தளம் போட்டாயிற்று. தொழிற்சாலை அணிகளின் போட்டி நடந்தபோது காலரி இல்லாத குறையே தெரியவில்லை. ஜனங்கள் அந்தத் தளங்களின் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதைக் கீழே குடியிருந்தவர்கள் முடிவு செய்தார்கள். தலைவரின் மனைவி தனத்திடம் கேட்டுக்கொண்டுதான் ஏறினார்.

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வருடம் தணிக்கை வந்தது.

வந்த அதிகாரி மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசாதவர், வெந்நீர் மட்டும் குடிப்பார். அப்படிப்பட்டவர்களிடம்தான் பயப்பட வேண்டும். மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அன்று எல்லோரும் வேலைக்குப் போய்விட வேண்டும், கதவைப் பூட்டிவிட வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தோம். எல்லாக் கதவும் பூட்டியிருந்தது, ஒன்றைத் தவிர. தனம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேதுராமன் சார் வானத்தைப் பார்த்தார்.

அதிகாரி படத்தைப் பார்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார். முதலுதவி மேடையில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. நீங்கள் யாரம்மா என்று மரியாதையாகக் கேட்டார். தனம் எழுந்து நின்றாள்.

"ஏரி ஒடஞ்சி ஊடு போனவங்க சார் நாங்க. இத கட்னவங்க காயிதத்துல பொய் எய்திகீறாங்க, அது எனுக்கும் தெரியும். ஆனா ஊடு பொய் இல்ல சார். உள்ள வந்து பாரு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். தளத்தைப் பார்த்தார். வெளியே வந்து, கட்டடம் நன்றாக இருக்கிறது என்றார். அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, ஒரு வரி விடாமல் ஆட்சேபம் எழுதினார். வெந்நீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் தனத்திடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று. பூட்டிக்கொண்டு போனால் திருடிக்கொண்டது மாதிரி ஆகிவிடும், திருட்டு வீட்டில் எத்தனை நாள் பிள்ளை வளர்க்க முடியும் என்றாள். அவளுக்கு அது நியாயம். சேதுராமன் சாருக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. அவர் அவள்மேல் கோபப்பட்டு ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்கவில்லை. போகிற இடத்தில் குடிக்க ஊருணி இருக்கிறது, ஆட அணி இருக்கிறதா என்றுதான் கவலைப்பட்டார். தன் செலவில் ஒரு பந்து வாங்கிக்கொண்டு போனார்.

வீடுகளை இடித்துவிட்டு மைதானத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு வந்தது. எல்லோரும் கலங்கிப்போனோம். நமச்சிவாயம் சார் மட்டும் அமைதியாகப் பதில் எழுதினார். இடிப்பதற்கும் செலவு உண்டு, அந்தச் செலவை எழுத எங்கள் கமிட்டிக் கணக்கில் நிதித் தலைப்பு எதுவும் இல்லை, தகுந்த தலைப்பைத் தெரிவித்தால் உடனே இடிக்கிறோம் என்று பணிவாகக் கேட்டிருந்தார். பதில் வரவில்லை. எழுபதுகளின் நடுவில் அந்த வீடுகளுக்குப் பட்டாவே வந்துவிட்டது.

சேதுராமன் சார் மாற்றலாகிப் போனதுமே அவர் இடத்துக்கு ஓர் இளைஞர் வந்திருந்தார். விதிப்புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று பேச்சு. தணிக்கைக் கதையெல்லாம் படித்துவிட்டு, இனி இந்த அலுவலகத்தில் படத்தில் ஒரு பொய்யான எழுத்துகூட இருக்கக் கூடாது என்று எங்களை நிற்க வைத்துச் சொன்னார். அந்த வாரமே தனம் புகாரோடு வந்தாள். ஆட்டக்காரர்கள் அடிக்கிற பந்து நேராக வீட்டுக்குள் வருகிறது, நேற்று கொதிக்கிற குழம்புச் சட்டியில் விழுந்து நாத்தனாரின் கையெல்லாம் கொப்புளம், வாசலுக்கு வலை வேண்டும். இளைஞர் அவள் கூடவே போனார். அந்தக் கையைப் பார்த்தார். திரும்பி வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"வீட்டு வாசலுக்கு வலை போட நம்மகிட்ட தலைப்பு இருக்கா?"

இல்லை சார் என்றேன். விளையாட்டுச் சாமான் தலைப்பில்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றேன். ஜன்னல் பக்கம் போய் நின்றார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"கோல் போஸ்ட் வலைன்னு போடும்மா."

மொத்த வரிசைக்கும் அளவெடுத்து வரைந்தேன். ஒரு மைதானத்துக்கு எத்தனை கோல் போஸ்ட் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.